தெருக்குத்து மனை

“சார், உங்க மனையில பாய் செங்கல் இறக்கிகினு கீறாரு. கொத்தனாரும் வந்துட்டான். இன்னா ஏதுன்னு உடனே வந்து பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் புரோக்கர் அழகேசன் போனில் இப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது.

காட்டுப்பாக்கத்தில் எண்ணூறு சதுர அடி மனை. விற்பவர் ஷவுகத் அலி பாய். அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸும் கொடுத்தாச்சு. மறுநாள் பத்திரப் பதிவு. இந்த நேரத்தில் செங்கல் எதுக்கு?

“தாட்சாயிணி, கிளம்பு! ஒரு ரூமைக் கட்டிட்டு, கட்டடத்தோட சேர்த்துதான் விலைன்னு ஏத்தப் பார்க்கிறார் அந்த ஆளு!”

அம்பத்தூரிலிருந்து பைக்கை விரட்டினேன். பின்னால் உட்கார்ந்து வந்த என் மனைவிக்கு ஆயிரம் சந்தேகம்.

“வில்லங்கச் சான்று சுத்தமா இருக்குன்னீங்களே?”

“இடத்தை வித்தது, அடமானம் வெச்சதுன்னு பதிவான சமாச்சாரம்தான் அதுல வரும். இன்னிக்கு இறக்கின செங்கல்லாம் வராது.”

“அக்ரிமென்ட் போட்டாச்சே, இடம் நம்மளது இல்லையா?”

“அட, அது விக்கறேங்கற ஒப்பந்தம்தான். கிரயப் பத்திரம் பதிஞ்சாத்தான் நமக்குச் சொந்தம். அப்புறம் பட்டாவை நம்ம பேருக்கு மாத்தணும்.”

“தாய்ப்பத்திரம்னு என்னமோ சொன்னீங்களே?”

“அவருக்கு முன்னாடி இடம் யார்கிட்ட இருந்துச்சுன்னு காட்டுற பழைய பத்திரம். எல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்துட்டேன்.”

“ஆள் எப்படின்னு பார்க்க ஒரு பத்திரமும் கிடையாதா?”

“அதுக்குத்தான் நான் இருக்கேனே!”

சும்மா சொல்லவில்லை. பாடியில் எங்கள் கம்பெனி கேன்டீனில் யார் மனை வாங்கினாலும் நான்தான் வாத்தியார். பேரத்திலும் நான் லேசுப்பட்டவன் இல்லை. இந்த மனைக்கு நேர் எதிரே ஒரு தெரு வந்து முட்டுகிறது. தெருக்குத்து, குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். அதைச் சொல்லியே மூணு லட்சம் குறைத்திருந்தேன்.

தெருக்குத்தாவது மண்ணாங்கட்டியாவது! எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கையே கிடையாது. ஆனால் பாயின் மகன் கடைக்கு பேங்க் நோட்டீஸ் வந்திருக்கிறது, மாசக் கடைசிக்குள் பணம் வேண்டும் என்று அழகேசன் என் காதில் போட்டிருந்தார். விடுவேனா? இப்போது சொல்லவே கூசுகிறது. அன்றைக்கு அதைச் சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன்.

மனையை அடைந்ததும் வண்டியைச் சரியாக ஸ்டாண்ட் கூடப் போடவில்லை.

“என்ன பாய் இது? நாளைக்குப் பதிவு, இன்னிக்குக் கட்டடமா? உங்களைப் போய் நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!”

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கலவைச் சட்டியோடு நின்ற பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது.

“கேக்காம ஆரம்பிச்சது தப்புதான் சார். நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னு பார்த்தேன்.”

“எதை முடிக்க? ரூமா, கடையா?”

பாய் நகர்ந்து நின்றார். ரூமும் இல்லை, கடையும் இல்லை. எதிர்த்தெரு வந்து முட்டும் இடத்தில், மதில் சுவரோடு ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு ஒரு சின்ன மாடம். கொத்தனார் அதற்குப் பூசிக்கொண்டிருந்தார்.

பாய் என் மனைவியைப் பார்த்தார். “நீங்கதான் சார் ஊட்டுக்காரங்களா தங்கச்சி? சார் எல்லாம் சொன்னாரும்மா. இந்த மனையைப் பார்த்ததுலேர்ந்து தெருக்குத்துன்னு உங்களுக்கு ஒரே பயமாமே? ராத்திரியில பொட்டுத் தூக்கம் இல்லையாமே? சொல்லும்போது சாருக்கே தொண்டை அடைச்சுக்கிச்சு.”

தாட்சாயிணி என்னைப் பார்த்தாள். மனையை அவள் பார்ப்பதே அன்றைக்குத்தான் முதல் தடவை.

“சரி, பாவம்னு மூணு லட்சம் குறைச்சேன்” என்றார் பாய். “ஊட்டுக்குப் போனா ஜுபைதா கேக்கறா, ‘ஏங்க, நீங்க காசைக் குறைச்சா அந்தப் பொண்ணுக்குப் பயம் எப்படிக் குறையும்?’னு. எனக்கும் அது நாயமாத்தான் பட்டுது. நாலு பேர்கிட்ட விசாரிச்சேன். வர்ற தெருவைப் பார்த்தாப்புல பிள்ளையாரை வெச்சிட்டா பயப்பட வேணாம்னாங்க. மாடத்தை மட்டும் நான் கட்டிடறேன் தங்கச்சி. பிள்ளையாரை நீங்களே உங்க கையால வெச்சுக்கங்க. எனக்கு முறை தெரியாது, எதுவும் தப்பாயிடக் கூடாது பாருங்க.”

பாயின் முகத்தையும் பார்க்க முடியவில்லை, பெண்டாட்டி முகத்தையும் பார்க்க முடியவில்லை. சீ, என்ன மனுஷன் நான் என்று இருந்தது. அந்தக் கத்து கத்தியதற்கு ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

தாட்சாயிணி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. “ரொம்ப நன்றிண்ணே. அண்ணிகிட்டயும் சொல்லுங்க” என்று கைகூப்பினாள்.

பாய் கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனதும், என்னிடம் மெல்லிய குரலில் சொன்னாள்:

“நாளைக்கு அந்த மூணு லட்சத்தையும் சேர்த்துக் கொடுத்துடுங்க. இல்லேன்னா நெசமாவே எனக்குத் தூக்கம் வராது.”