பதினொன்று இல்லாத ஆட்டம்

மறுபடியும் தவறவிட்டான்.

அவள் வீடியோவை நிறுத்தினாள். பின்னால் தள்ளி, ஒவ்வொரு ஃப்ரேமாக முன்னால் நகர்த்தினாள்.

பந்து இடப்பக்கத்திலிருந்து வருகிறது. கைக்கு எட்டும் தூரம். அவன் முகம் நேராக இருக்கிறது.

தோளில் பட்டுத் தெறித்த பிறகுதான் தலை திரும்புகிறது.

அமெரிக்காவில் ஏதோ ஒரு கல்லூரி. முட்டை வடிவப் பந்து. ஜெர்சி எண் 84. எதிரணிக்காரர்களைத் தாண்டி ஓடி, பின்னாலிருந்து எறியப்படும் பந்தைப் பிடிப்பது அவன் வேலை. சம்பளம் கொடுத்து ஆளெடுக்கும் பெரிய அணி ஒன்று இவன் தேறுவானா என்று கேட்டிருக்கிறது. சரவணம்பட்டியில், ஆபீஸின் நான்காம் மாடியில் உட்கார்ந்து அவள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு ஆட்டங்கள். முதல் பத்தில் தொண்ணூற்றொரு பந்துகள் வந்தன. நான்கைத்தான் விட்டான்.

கடைசி இரண்டில் பதினான்கு வந்தன. ஆறை விட்டான்.

ஆறும் இடப்பக்கம்.

அறிக்கையில் காரணம் கேட்கும் கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று போடுவது ஆபீஸ் வழக்கம். ஐந்துக்குப் போட்டுவிட்டாள். ஆறாவதில் கை நின்றது.

பழைய ஆட்டங்களைத் திரும்பத் திறந்தாள். இம்முறை அவனைப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஓடும் அவன் அணிக்காரனைப் பார்த்தாள்.

எண் 11. எப்போதும் இடப்பக்கம்.

வீடியோவில் ஒலி கிடையாது. 11-இன் வாய் திறக்கிறது. நான்கு ஃப்ரேம் கழித்து 84-இன் தலை திரும்புகிறது. பந்து கைக்குள் வந்து விழுகிறது.

வேறொரு பந்து. வாய். தலை. கை.

இன்னொன்று. அதேதான்.

கடைசி இரண்டு ஆட்டங்களில் 11 ஆடவில்லை. கணுக்காலில் கட்டோடு மைதான ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். அங்கேயும் அவன் வாய் திறந்துதான் இருக்கிறது.



டீம் லீடர் பிரிட்டோ வந்து எட்டிப் பார்த்தான். மதியத்திலிருந்து ஒரே பையனைப் பார்க்கிறாயே, யாருக்கு மாப்பிள்ளை தேடுகிறாய் என்று கேலி செய்தான். நல்ல கை, விட்டதெல்லாம் அசட்டை, தேறுவான் என்று போட்டு அனுப்பு என்றான். நாளை காலை பத்து மணிக்குள் அறிக்கை போக வேண்டும்.

கடைசி ஆட்டத்தின் கடைசிப் பகுதியை ஓட்டினாள்.

இடப்பக்கத்திலிருந்து எதிரணிக்காரன் ஒருவன் ஓடி வருகிறான். முப்பது ஃப்ரேம்கள். மைதானமே அவனைப் பார்க்கிறது. 84 மட்டும் பார்க்கவில்லை.

மோதப்பட்டு விழுந்த 84-இன் ஒரு கால் மட்டும் தானாக ஆடியது.

பிறகு எழுந்தான். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும்.

கண்ணைப் பற்றி எழுதினால் அவன் கதை முடிந்தது. எழுதாவிட்டால் பெரிய அணிக்குப் போவான். அங்கே 11 இருக்க மாட்டான்.

'இடது கண்' என்று அடித்தாள். அழித்தாள். அனுப்பாமல் சேமித்துவிட்டுக் கணினியை அணைத்தாள்.

ஆபீஸ் வாசலில் வேன் நின்றது. மஞ்சள் வண்டி, பக்கவாட்டில் பள்ளிக்கூடத்தின் பெயர். கணவன் முகத்தை முழுதாகத் திருப்பி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

ஏறி, அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

நான்கு வருடங்களுக்கு முன், இதே வேனின் கதவுக்கு வெல்டிங் வைத்தபோது அவன் இடது கண்ணில் பொறி தெறித்தது. அவர்கள் இருவரையும் ஒரு டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. உரிமம் புதுப்பிக்கப் போகும் முன், கண் சோதனைப் பலகையின் எழுத்துகளை வரிசை மாறாமல் மனப்பாடம் செய்ய வைத்தது அவள்தான்.

அதிலிருந்து தினமும் மாலை, பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டு வருவாள். பைக். பஸ். மாடு. போலாம்.

ஏன் சொல்கிறாள் என்று அவன் கேட்டதில்லை. அவளும் விளக்கியதில்லை.

இன்று அவள் சொல்லவில்லை.

வேகத்தடை தாண்டியது. பேக்கரி தாண்டியது. இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் தலையை நீட்டியது.

வேன் வேகம் குறையவில்லை.

ஸ்கூட்டர்காரன்தான் பிரேக் அடித்தான். கெட்ட வார்த்தை ஒன்று ஜன்னல் வழியாக வந்து விழுந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை. கணவனின் தலை திரும்ப எத்தனை ஃப்ரேம் ஆகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

திரும்பவேயில்லை.

நாற்சந்தியில் வேன் நின்றது. பின்னால் ஹாரன் கேட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன.

"என்னாச்சு உனக்கு? வருதா, இல்லையா? சொல்லு."

அவன் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் முறை.

அவள் பார்த்தாள். இடப்பக்கச் சாலை காலியாக இருந்தது.

காலடியில் ஏதோ உருண்டு வந்து செருப்பில் இடித்தது. குழந்தைகளின் தண்ணீர் பாட்டில். மூடியில் பெயர்ச்சீட்டு. பெயருக்குக் கீழே யு.கே.ஜி. என்று இருந்தது.

அதைக் குனிந்து எடுத்தாள். இந்த இருக்கைக்குக் கீழேதான் கிடந்திருக்கிறது.

"காலையில யாருங்க சொல்றாங்க?"

பின்னால் ஹாரன் விடாமல் அடித்தது.

அவன் முகத்தை முழுதாக இடப்பக்கம் திருப்பினான். அவளைப் பார்க்கவில்லை.

பாட்டிலைப் பார்த்தான்.