ஐம்பத்தேழாம் நம்பர்காரன்

பர்மாவின் தாமுவே சந்தைக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருக்கும் தமிழ்மணி, நாற்காலியில் இருந்த வாட்டசாட்டமான ஆளின் தலையைத் தொடுமுன், “கடோ, கடோ” என்று பர்மிய வழக்கப்படி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பழைய அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, இந்த அம்பத்தேழாம் நம்பர் பந்தைத் தொடவே மாட்டேங்கிறான். ஆளையே போய் முட்டறான். எதுக்குண்ணே?”

தமிழ்மணி எட்டிப் பார்த்தார். “எனக்கும் புரியல தம்பி. இங்க தலையைத் தொடறதுக்கே மன்னிப்புக் கேக்குறோம். இவன் தலையாலேயே முட்டறானே!”

“பன்னெண்டு வருஷமா இதான் வேலையாம். அவங்க அம்மா பாத்தா தாங்குவாங்களா?”

பெஞ்சில் காத்திருந்த சாந்தகுமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“யாரும்மா அந்த ஆளு? உங்களுக்குத் தெரியுமா?” என்றார் தமிழ்மணி.

“நேத்தும் இவன் இதையேதான் கேட்டான்.”

சாந்தகுமாரி எழுந்து வந்து, அவன்மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கி, சட்டைக் கையை மேலே ஏற்றினார். புஜத்தில் பச்சை குத்தியிருந்தது: 57.

அவன் அதையே குழப்பத்தோடு பார்த்தான்.

“இதை யாரு எழுதினது, ஆன்ட்டி?” என்று தன்னைப் பெற்ற அம்மாவிடம் கேட்டான்.