நாகலூரில் ரகசிய வருகை

டோமினிக் வீட்டு வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. கதவு விரியத் திறந்திருந்தது. டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூலின் மேல் பாதி குடித்த காப்பியில் இன்னும் ஆவி பறந்தது. ஆட்களை மட்டும் காணவில்லை.

"ஏனுங்க டோமினிக்! நான்தானுங்க, ஸ்தனிஸ்லாஸ்!"

கக்கத்தில் சுருட்டி இடுக்கியிருந்த தீர்க்கதரிசனப் படச் சார்ட்டை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு சமையலறை வரை போய்ப் பார்த்தார். பின்கதவும் திறந்து கிடந்தது.

ஸ்தனிஸ்லாஸ் காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாகப் பைபிள் தீர்க்கதரிசனங்களைக் கூட்டிக் கழித்து, இயேசு தம்மை நம்புகிறவர்களைச் சத்தமில்லாமல் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப் போகும் ரகசிய வருகை என்றைக்கு என்று கண்டுபிடித்துவிட்டார். இன்றுதான். செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி.

நாகலூரில் அவரிடம் விளக்கம் கேட்காத கிறிஸ்தவக் குடும்பம் கிடையாது. நேற்று டோமினிக் வீட்டில் மட்டும் ஐந்து மணி நேரம் விளக்கினார். அப்படியும் வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு முத்திரைகளில் மூன்றுதான் முடிந்தது. மிச்சத்தை இன்று மூன்று மணிக்குள் முடித்துவிடலாம் என்றுதான் புறப்பட்டிருந்தார்.

அவர் படியிறங்கும்போதே மனைவி ஞானசுந்தரி யாருக்கோ போன் போட்டு, "கெளம்பிட்டாருங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. கடைசியில் அவளுக்கும் ஊரார் மேல் ஆத்தும பாரம் வந்துவிட்டதே என்று நெகிழ்ந்துபோனார்.

அடுத்தது ஜெயமேரி வீடு. குழாய் திறந்தபடி கிடக்க, வாளி நிரம்பி வழிந்தது. துணி துவைக்கிற கல்லில் சோப்பு நுரையோடு ஒரு சட்டை. ஜெயமேரி இல்லை.

அதற்கடுத்த அற்புதத்தின் வீட்டில், கிரைண்டர் ஆளில்லாமல் மாவை ஆட்டிக்கொண்டிருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் வாட்சைப் பார்த்தார். மூன்று மணி ஐந்து நிமிடம்.

நடந்துவிட்டது! சற்றுமுன் நீளமாக ஒரு சத்தம் கேட்டதே, ஏற்காடு பஸ்ஸின் ஹாரன் என்றல்லவா நினைத்தார்? அது வானத்து எக்காளம்.

குடித்துவிட்டுக் கோவிலுக்கு வருகிற டோமினிக் போய்விட்டான். எஸ்டேட் லைன் வீடு முழுக்கச் சண்டை போட்டு வைத்திருக்கும் ஜெயமேரி போய்விட்டாள். நாளையும் நேரத்தையும் கண்டுபிடித்துச் சொன்னவர் தெருவில் நிற்கிறார்.

வீட்டுக்கு ஓடினார். அரிவாள்மணையில் பாதி நறுக்கிய சௌசௌ. வாசலில் ஞானசுந்தரியின் செருப்பு. காலையில்தான் அவளிடம், "சீரியல் பாக்கறவளுக்கு மேல எடமில்ல, நீ இங்கதான் கெடக்கப் போற" என்று சொல்லியிருந்தார்.

அதற்குள் மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. விளக்கு எரிந்த ஒரே இடம் பக்கீர் முகமதுவின் டீக்கடை. கடையில் வேறு யாரும் இல்லை. பாய் மட்டும் ஒன்பது டம்ளர்களில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ஒரு மனித முகத்தைப் பார்த்ததும் ஸ்தனிஸ்லாசுக்கு அழுகை வந்துவிட்டது.

"பாய்... நீங்களாச்சும் இருக்கறீங்களே!"

"நான் எங்கீங்க போறேன்? ஏனுங்க ரைட்டரே, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்குது?"

"ஊர்ல எல்லாத்தையும் ஆண்டவரு எடுத்துக்கிட்டாருங்க. என்னைய மட்டும் உட்டுட்டாரு. டோமினிக்கப் பாத்தீங்களா? அற்புதத்தப் பாத்தீங்களா?"

பாய் டம்ளர்களையே பார்த்தார். "பனி நொம்பங்க. யாரு மொகமும் சரியாத் தெரியலீங்க."

"இனி ஏழு வருஷம் உபத்திரவம்ங்க. நெருப்பு விழும். தேளாட்டம் கொட்டுற வெட்டுக்கிளி வரும்."

"வெட்டுக்கிளி வந்தா மொளகுக் கொடிக்கு ஆகாதுங்களே!" என்று பாய் உண்மையாகவே கவலைப்பட்டார். "எங்களுக்கும் உங்க ஏசு, எங்க ஈசா நபி, வருவாருங்க, ரைட்டரே. ஆனா என்னிக்குன்னு நான் கணக்குப் போட்டதில்லீங்க."

ஸ்தனிஸ்லாஸ் சார்ட்டைப் பிரித்தார். இரண்டாக, நான்காக, எட்டாகக் கிழித்து டீ அடுப்பில் போட்டார். அதில் வரைந்திருந்த மிருகம் பத்துக் கொம்புகளோடு எரிந்து சுருண்டது.

"பெருமை புடிச்சு அலைஞ்சேன் பாய். ஊர் பூராப் பாடம் நடத்தினேன், எம் பொண்டாட்டி மனசப் பாக்கலீங்க. ஒரு வார்த்தகூடச் சொல்லாம போயிட்டாளே! அவ மட்டும் திரும்பி வந்தான்னா, சாகுற வரைக்கும் அவகூட உக்காந்து சீரியல் பாக்கறேனுங்க!"

பாய் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "ஊட்டுக்குப் போங்க. அவங்க வந்தாலும் வருவாங்க."

"மேல போனவங்க திரும்ப மாட்டாங்க, பாய்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். பனியில் ரோடு எந்தப் பக்கம் என்றே புரியவில்லை. கடையின் பக்கவாட்டுச் சுவரைத் தடவியபடி நடந்தவர், பின்னறை ஜன்னலருகே மூச்சு வாங்க நின்றார்.

உள்ளே யாரோ தும்மினார்கள். "உஷ்ஷ்!" என்று ஏழெட்டுக் குரல்கள் அதட்டின. பிறகு ஒரு பெண்குரல், நாற்பது வருடமாக அவர் கேட்டுப் பழகிய குரல், மெல்லக் கிசுகிசுத்தது.

"பாய்... எங்கூட்டுக்காரரு போயிட்டாருங்களா?"