டேங்க்கில் ஒரு கீறல்

"இந்தச் சேத்தோட வண்டியை எடுத்தீங்கன்னா, சர்ச் பூசைக்கு நான் பஸ்லயே போயிக்கறேன்" என்று சொல்லி, இரண்டு ஷாம்பு பாக்கெட்டையும் ஒரு கிழிந்த பனியனையும் அமல்ராஜின் கையில் திணித்தாள் அருள்மொழி.

"மழை பெஞ்சா நான் இன்னா பண்ணுவேன்? மூணு நாளா கம்பெனி பஸ்லதான் போனேன். வண்டியைத் தொடவேயில்ல."

"அதான் இப்ப தொடுங்கன்றேன். பத்தரை பூசைக்கு இன்னும் நேரம் கீது."

வாளியோடு கீழே இறங்கினான் அமல்ராஜ். முகப்பேரில் மூன்று மாடிக் குடியிருப்பு அது. கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவே, ஒவ்வொரு வீட்டு வண்டிக்கும் தரையில் மஞ்சள் பெயின்ட்டில் எண் போட்டிருந்தது. அவனுக்கு ஆறு. எதிர்வீட்டுக் கிருபாகரனுக்கு ஏழு. தெருவில் போன லாரிகள் வாரியடித்த சேற்றில் எந்த வண்டியின் நம்பர் பிளேட்டும் தெரியவில்லை.

ஆறில் நின்ற வண்டியில் முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றினான். ஏழு பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு மாதமாக அப்படித்தான்.

அதற்கு முன்பு இரண்டு பேரும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஒரே வண்டியில் வேலைக்குப் போனவர்கள். ஒருநாள் அமல்ராஜ் ஓட்டுவான், மறுநாள் கிருபாகரன். வண்டி வாங்கியதும் ஒரே நாள்தான். ஒரே மாடல், ஒரே கறுப்பு. ஒருநாள் அவசரத்தில் அமல்ராஜ் தன் வண்டியைத் திருப்பியபோது, கிளட்ச் கம்பி பட்டு கிருபாகரனின் பெட்ரோல் டேங்க்கில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. "கண்ணு தெரியாதவன்லாம் எதுக்கு வண்டி ஓட்டுற?" என்றான் கிருபாகரன், நாலு பேர் முன்னால். "அப்ப உன் வண்டியை ஊட்டுக்குள்ள கொண்டுபோய் பூட்டி வெச்சுக்க" என்றான் இவன். அதுதான் கடைசிப் பேச்சு. இப்போது வீடு மாற்றப் போவதாகக் கிருபாகரனின் மனைவி சுதா அருள்மொழியிடம் சொல்லியிருந்தாள்.

கை வேலையில் இறங்கியதும் மனம் லேசானது. பழைய டூத் பிரஷ்ஷால் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தான். மட்கார்டுக்கு அடியில் விரல்விட்டு மண்ணை வழித்தான். நுரை வழிய வழிய கறுப்பு பளிச்சிட்டது. ஈரத்தை ஒற்றிவிட்டு, பனியன் துணியில் பாலிஷைத் தொட்டு டேங்க்கில் வட்டவட்டமாகத் தேய்த்தான்.

விரலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தான். நீளமாக ஒரு கீறல்.

அமல்ராஜ் அவசரமாக வண்டியின் முன்பக்கம் போனான். நம்பர் பிளேட்டில் மிச்சமிருந்த சேற்றைத் துடைத்தான். கிருபாகரனின் வண்டி. ஏழில் சேறும் சகதியுமாக நின்றதுதான் அமல்ராஜுடையது. மழைத் தண்ணீருக்கு யாரோ நகர்த்திவிட்டு, மாற்றி நிறுத்தியிருக்க வேண்டும்.

"அமலு."

பின்னால் கிருபாகரன் ஹெல்மெட்டோடு நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ, தெரியவில்லை. அவன் பார்வை கீறல்மேல் வைத்திருந்த அமல்ராஜின் கையிலேயே இருந்தது.

"மச்சான், நான் ஒண்ணு சொல்லணும். இது வந்து..."

"நீ ஒண்ணும் சொல்லாத." கிருபாகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒரு கீறலுக்காக அவ்ளோ பேர் முன்னாடி உன்னைப் பேசிட்டேன். மறுநாளே வந்து சொல்லியிருக்கணும். வாய் வரல. நீ இன்னாடான்னா என் வண்டியைக் கழுவிக்கினு கீற."

"இல்லடா, நான் இன்னா சொல்றேன்னா..."

"வுடுன்றேன்ல." கிருபாகரன் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு போனை எடுத்தான். "சார், காட்டுப்பாக்கம் ஊட்டு சாவி வாங்க இப்ப வரேன்னு சொன்னேன்ல. வரல சார். இல்ல சார், ஊடு நல்லாத்தான் கீது. இங்க எதிர்வூட்டுக்காரனை வுட்டுட்டு வர முடியல."

போனைப் பையில் போட்டுக்கொண்டு, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, ஏழில் நின்ற வண்டிக்குப் பக்கத்தில் குந்தினான். "பிரஷ்ஷைக் குடு. உன்துக்குச் சக்கரம் நான் பாக்கறேன். சைலன்சரை நீ பாரு."

பாதி சக்கரம் முடிவதற்குள் எட்டு மாதக் கதையையும் பேசினார்கள். சூப்பர்வைசரைப் பற்றிப் பேசிச் சிரித்தபோது, வாளித் தண்ணீர் கவிழ்ந்து இரண்டு பேரும் நனைந்தார்கள். திங்கட்கிழமை யார் வண்டியில் போவது என்று கொஞ்ச நேரம் வாக்குவாதமும் நடந்தது.

பத்து மணிக்கு அமல்ராஜ் மேலே வந்தபோது அருள்மொழி இட்லி எடுத்து வைத்திருந்தாள். தட்டின் முன்னால் உட்கார்ந்தவன், கை வைக்கவில்லை.

"இன்னா, சண்டைதான் தீந்துபோச்சே. அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி?"

"மனசு உறுத்துது அருளு. நான் அவனுக்காகக் கழுவல. நம்ம வண்டின்னு நெனச்சுதான் கழுவுனேன். அவன் இன்னான்னா கண்ணு கலங்கிட்டான். பூசைக்குப் போறதுக்குள்ள அவன்கிட்ட உண்மையைச் சொல்லிடட்டுமா?"

அருள்மொழி அவன் தட்டில் சட்னியை ஊற்றினாள்.

"தாராளமா சொல்லுங்க. அப்படியே, விடியக்காலைல நானும் சுதாவும் சத்தமில்லாம ரெண்டு வண்டியையும் தள்ளி மாத்தி வெச்சதையும் சேத்து சொல்லிடுங்க."