வட்டைப் பாரு

மைரன் பனித்தளத்தில் கால் வைத்ததும் வெல்பர்ன் ஊரே எழுந்து நின்று கை தட்டியது.

"ஏய் மைரன், தொப்பையைக் காட்டிக்கிட்டு சும்மா நில்லுடா, அதுவே பாதி வலையை அடைச்சுரும்!" என்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கத்தினான் பால்ய சிநேகிதன் ஹால். அரங்கமே சிரித்தது. மைரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்னே என்ன? முதல் கோல்கீப்பருக்குக் காலையிலிருந்து வாந்தி. அடுத்தவனுக்கு இப்போதுதான் முழங்கால் பிசகி, தூக்கிக்கொண்டு போனார்கள். அப்படி ஆகிவிட்டால், அவசரத்துக்கென்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர் ஆள், எந்த அணிக்கானாலும், இறங்கியே தீர வேண்டும். லீக் விதி அது. பதினோரு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து வறுத்த உருளைக்கிழங்கு தின்றதுதான் மிச்சம், ஒரு தடவை கூடக் கூப்பிட்டதில்லை. கூப்பிடுகிற நாள் இதுவாகவா இருக்க வேண்டும்!

இன்று தோற்றால் வெல்பர்ன் ஐஸ் ஹாக்கி டீமைக் கலைத்துவிடுவார்கள். டீம் இல்லையென்றால் அரங்கத்துக்கும் பூட்டு. பள்ளிக்கூடம் போயாயிற்று, தானியக் கோபுரத்தையும் இடித்தாயிற்று; ஊர் என்று சொல்லிக்கொள்ள மிச்சம் இந்த அரங்கம் ஒன்றுதான். இங்கே பனியைச் சமன்செய்யும் வண்டி ஓட்டித்தான் மைரன் பிழைக்கிறார்.

சட்டையைத் தலை வழியாக மாட்டிவிட்டார் கோச். முதுகில் வேறு எவனுடைய பெயரோ இருந்தது.

"உங்க பேரு என்ன சொன்னீங்க? மைரனா? இங்க பாருங்க, இன்னும் பன்னெண்டு நிமிஷம். ஒரு கோல் முன்னாடி இருக்கோம். ஒண்ணும் புகாம பாத்துக்கிட்டீங்கன்னா உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"பாக்கறேன்" என்றார் மைரன்.

மட்டையால் இடது கம்பத்தில் ஒரு தட்டு, வலது கம்பத்தில் ஒரு தட்டு. வலை எங்கே இருக்கிறதென்று முதுகுக்குத் தெரிந்தாக வேண்டும். இந்த ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் ஒரு வருஷமாவது வலைக்கு முன்னால் நிறுத்திப் பாடம் சொன்னவர் அவர். இப்போது வெல்பர்னுக்கு ஆடும் அவர் மகன் டாரிலும் அதில் அடக்கம்.

உள்ளே பதுங்காதே, முன்னால் வா. அடிக்கிறவனுக்கு இடம் குறுகும். அவனுக்கு முந்தி நீ விழாதே. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு: "ஆளைப் பாக்காதே, வட்டைப் பாரு. அடிக்கிறது யாரா இருந்தா உனக்கென்ன?"

முதல் கறுப்பு ரப்பர் வட்டு கால் கவசத்தில் பட்டுத் தெறித்தது. அடுத்தது நெஞ்சில். மூன்றாவது பனியில் கிடந்து துடிக்க, அதன்மேல் விழுந்து அமுக்கினார். சிரித்த அரங்கத்தில் இப்போது மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஒன்று, ஒரே ஒன்று உள்ளே போனால் போதும், எல்லாம் மாறிவிடும். அது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

கடைசிப் பத்து வினாடி. பத்தொன்பதாம் நம்பர் தனியாக வட்டை உருட்டிக்கொண்டு வந்தான். அவன் தோளைத் தாழ்த்தினால் மேல் மூலைக்குத்தான் அடிப்பான். மைரனுக்கு அது மனப்பாடம். 'கடவுளே, இதை மட்டும் என்கிட்ட விடாதே' என்று வேண்டிக்கொண்டார்.

தோள் தாழ்ந்தது. முப்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போயிற்று. வட்டு கையுறைக்குள் இருந்தது.

ஹாரன் ஊதியது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஓடிவந்து அவர்மேல் விழுந்தார்கள். "மார்ட்டின்! பிரமாதம் மார்ட்டின்!" என்று பெயரைத் தப்பாகச் சொல்லியபடி கோச் அவரைக் கட்டிக்கொண்டார். தடுப்புக்குப் பின்னால் ஹால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

வழக்கப்படி இரண்டு அணியும் வரிசையில் வந்து கை குலுக்கின. கடைசியாக வந்த பத்தொன்பதாம் நம்பர் தலைக்கவசத்தைக் கழற்றினான். கண் சிவந்திருந்தது. நீட்டிய கையை அவன் தொடவில்லை.

"நம்ம ஊரு போச்சே, அப்பா! இன்னைக்கு ஒரு நாளாவது ஆளைப் பாத்திருக்கக் கூடாதா?"