கட்டுப்படியாகாத மெஷின்

பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கிய அன்று சற்குணத்துக்கும் மனைவி பூரணிக்கும் பெரிய சண்டை. கையால் கழுவினால் கரண்ட் செலவே கிடையாது என்றார் அவர்.

"என் இடுப்பு வலி உங்க கணக்குல வராதா? நிறைய அடுக்கிப் போட்டா தண்ணியும் மிச்சந்தாங்க" என்றாள். இருந்தவரைக்கும் பாதி நிறைந்த மெஷினை அவள் ஓடவிட்டதே இல்லை.

பூரணியின் காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிய பிறகு, மகள் நித்திலாதான் சொன்னாள்: "அப்பா, ஒரு ஆளுக்கு மெஷின் கட்டுப்படியாகாது. ஒரு தட்டு, ஒரு டம்ளர். கையிலயே கழுவிடுங்க."

அவர் மெஷின் கதவைத் திறந்தார். நடுவில் பூரணியின் பெயர் வெட்டிய தட்டை அலமாரியிலிருந்து எடுத்து, மெஷினுக்குள் தன் எச்சில் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கப் போனார்.

"அது கழுவின தட்டுப்பா."

சற்குணம் நின்றார். தட்டை மேடைமேல் வைத்து அதில் ஒரு கரண்டி ரசம் ஊற்றினார். அவள் பெயரின் எழுத்துகளுக்குள் ரசம் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நித்திலா அலமாரியைத் திறந்தாள். அடியில் கிடந்த, தன் பெயர் வெட்டிய சின்னத் தட்டை உருவி எடுத்து, கரண்டிக்கு நேராக நீட்டினாள்.