படிக்க முடிந்த ஒரே வரி

பிரசவ வார்டில் ஒருத்திக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. அவளுடையது அபூர்வமான பம்பாய் வகை ரத்தம். அதைக் கொடுக்கக்கூடிய பதினொரு பேரின் போன் எண்களும் ரத்த வங்கிக் கணினிக்குள் இருந்தன. காலையிலிருந்து அந்தப் பட்டியல்தான் திறக்கவில்லை. கம்பெனி அனுப்பிவைத்த இளங்குமரன் மென்பொருளின் நிரலைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நிரலில் வரும் பெயர்களெல்லாம் ஒற்றை எழுத்துகளாகச் சுருங்கிக் கிடந்தன. எங்கும் போய்ச் சேராத கிளைகள் வேறு. அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனதிலேயே அரைமணி நேரம் வீணாகிவிட்டது.

"யாரு சார் இப்படி எழுதி வெச்சது? மனுஷன் படிக்கவே கூடாதுன்னா?" என்றாள் ரத்த வங்கி டெக்னீஷியன் ஜெசிந்தா.

இளங்குமரன் திரையை இன்னும் கீழே நகர்த்தினான். ஆறு வருஷத்துக்கு முன்னால், எவனும் திருடிவிடக் கூடாதென்று அவனேதான் இதைக் குழப்பிக் கொடுத்திருந்தான். தெளிவான பிரதி பழைய மடிக்கணினியோடு போய்விட்டது. அந்தப் பொய்க் கிளைகளை எவ்வளவு சிரத்தையாக நட்டோம் என்பது மட்டும் நினைவிருந்தது.

வார்டிலிருந்து மூன்றாவது தடவையாக நர்ஸ் வந்து வாசலில் நின்றாள்.

"சார், இந்த ஒரு வரி மட்டும் தமிழ்ல இருக்கே!" ஜெசிந்தா திரையைத் தொட்டாள். 'கோளாறு ஏற்பட்டால் இந்த எண்ணில் கூப்பிடவும்.' அவன் தடுப்பதற்குள் எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள்.

இளங்குமரனின் சட்டைப்பை அதிர ஆரம்பித்தது. ஜெசிந்தா பையைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். காதிலிருந்து போனை இறக்காமலேயே சொன்னாள்:

"எடுங்க சார்."